பார்க்கிற வழி

கோயமுத்தூர்க் கடைக்காரர் இரண்டு பெட்டி காட்டினார்.
உடம்புச் சூட்டைப் பார்க்கிறது ரெண்டரை லட்சம்.
இருட்டைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டுகிறது
மாசம் ஆயிரத்தெண்ணூறு, பன்னிரண்டு தவணை.
அப்பாவின் பழைய ரைபிள் மேல் அதை ஏற்றிக் கட்டினேன்.
ஓட்டு வீட்டுக்கு டிஷ் ஆன்டெனா வைத்த மாதிரி இருந்தது.

பகலில் ஊசியில் நூல் கோர்க்கிற கண்.
ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிபாரம்.
இரவில் பஞ்சாயத்து கூப்பிட்டால்
ஸ்கூட்டியில் துப்பாக்கி.
எருத்தேம்பதியில் ஆணை மலையாளத்தில் வரும்,
திட்டு தமிழில் வரும்,
பன்றி இரண்டையும் கேட்காமல்
நிலக்கடலையில் இறங்கும்.

செங்கல் சூளைக் குழியில் குறி பார்த்தேன்.
முதல் தோட்டா ஒரு சாண் இடது.
திருகினேன். நாலாவது அட்டைப்பெட்டியில் பட்டது.
தோட்டா விற்கிற விலைக்கு
அதோடு நிறுத்தியாச்சு.

சின்னத் திரை கொஞ்சம் பின்தங்கும்.
பன்றி தலை தூக்குவதாகக் காட்டும்போது
அது தூக்கி முடித்திருக்கும்.
ஓடுவதைச் சுடக் கூடாது.
நிற்பதையும், பின்னால் குட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பது.
கிட்டுச்சாமி தோட்டம்.
ரேஷன் பையில் மணல் நிரப்பி, அதன் மேல் குழல்.
எழுபது தப்படியில் கண்கள்
ஸ்டிக்கர் பொட்டாக மினுங்கின.
சுட்டேன். திரை வெள்ளையாகிப் போனது.
திரும்ப வந்தபோது ஒன்று கிடந்தது,
மற்றவை இருந்த இடத்தில் செடி ஆடிக்கொண்டிருந்தது.

மெம்பர் ஷைலஜன் வந்தார், போட்டோ எடுத்தார்.
மடையோரம் குழி.
யாரும் தின்னாமலிருக்க மண்ணெண்ணெய் ஊற்றணும்.
குவார்ட்டர் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்,
அதுவும் முக்கால்தான்.
கிட்டுச்சாமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்,
பன்றியைப் பார்த்தபடி.

எல்லாரும் போனார்கள். நான் இருந்தேன்,
பெரிய பெட்டை திரும்பும் என்று.

மூன்று மணி சுமாருக்குத் திரையில் அசைவு.
குழிப்பக்கம்.
நாலு கால் இல்லை, இரண்டு.
பிறகு இன்னொரு இரண்டு.
மண்வெட்டி சத்தம் திரைக்கு அப்புறம்
காதுக்கு வந்தது.

முகம் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும் இதில்.
ஆனால் அந்தச் சட்டை நான் தைத்தது.
இடது கை ஒரு விரற்கடை நீளம்,
திருத்தித் தருகிறேன் என்று சொல்லி
மூணு மாசமாக நான் திருத்தாதது.
சாக்கைப் பிடித்து நின்ற பெண்பிள்ளை
போன வருஷ யூனிபாரத்தில்.
இரண்டு வருஷம் வரட்டும் என்று
நான் மடித்து வைத்த ஓரத்தைப் பிரித்திருந்தார்கள்.
மண்ணெண்ணெய் படாத பக்கமாகப் பார்த்து
கிட்டுச்சாமி அறுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது:
சட்டைக் கை மேல் சிலுவைக்கோடு.
இந்தக் கருவியில் பார்க்க வேறு வழியே இல்லை.
யாரைப் பார்த்தாலும்
குறி வைத்துத்தான் பார்க்கணும்.

விரல் எங்கோ தள்ளித்தான் இருந்தது.
இருந்தாலும் தோட்டாவை எடுத்து
இடுப்பில் செருகினேன்.
திரை மூலையில் ஒரு புள்ளி ஓடிக்கொண்டிருந்தது:
எல்லாம் பதிவாகிறது என்று அர்த்தம்.
அழித்தேன்.
நிச்சயமா என்று கேட்டது. மறுபடி அமுக்கினேன்.

திரையை அணைத்தால் வலது கண் செத்துவிடும்,
ஒரு பத்து நிமிஷத்துக்கு.
பிறந்ததிலிருந்து நடந்த வரப்பில்
ஒற்றைக் கண்ணோடு தடுக்கி விழுந்தேன்.
அவர்களுக்குக் கேட்டிருக்கும்.
மண்வெட்டி நின்றது.

காலையில் கடைக்கு வந்தார்.
“இந்தக் கையைக் கொஞ்சம் குறைச்சுக் குடு, பிலோமினா.”
சட்டை துவைத்திருந்தது,
ஆனாலும் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை.
சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்.
“பெரிசு இன்னும் வருது” என்றார்.
“ராத்திரி வர்றேன். ஒன்பதுக்கு மேல
தோட்டத்துப் பக்கம் யாரும் வேண்டாம்.”

அவர் கொஞ்ச நேரம்
மிஷின் சக்கரத்தையே பார்த்தார்.
பிறகு கேட்டார்:
“எத்தனை மணி வரைக்கும்?”